பீட்டர் ஸ்னெல்: வாரம் நூறு மைல் ஓடிய 800 மீட்டர்காரர்

கேள்வி இதுதான்: "800 மீட்டர் ஓடி முடிக்க நல்ல வீரருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. நியூசிலாந்தின் பீட்டர் ஸ்னெல் ஏன் மராத்தான்காரர் மாதிரி வாரம் நூறு மைல் ஓடினார்? அதனால்தான் ஒலிம்பிக்கில் ஜெயித்தாரா? இப்போது 800, 1500 ஓடுகிற பிள்ளைகள் அப்படிப் பயிற்சி செய்யலாமா?"

ஓடினார் என்பது உண்மை. அதனால் ஜெயித்தார் என்பதும் பெரும்பகுதி உண்மை. ஆனால் "நூறு மைல்" என்ற எண் மட்டும் ஊர் ஊராகப் பரவி, அந்த மைல்கள் ஆண்டின் எந்தப் பகுதியில் வந்தன, அவற்றுக்குப் பின் என்னென்ன வந்தன என்பது பின்தங்கிவிட்டது. ஸ்னெல்லின் வெற்றி பயிற்சியின் வரிசையில் இருந்தது. மைல் கணக்கு அந்த வரிசையின் முதல் படி மட்டுமே. இதைப் புரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஸ்னெல் 1938 டிசம்பர் 17 அன்று நியூசிலாந்தின் தாரனாக்கி பகுதியில் ஓபுனாக்கி என்ற கடலோரச் சிற்றூரில் பிறந்தார். பிறகு குடும்பம் வைக்காட்டோ பகுதியின் தே அரோஹாவுக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிப் படிப்பு ஆக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட் கிராமர் பள்ளியில் நடந்தது. பள்ளியில் டென்னிஸ்தான் அவருக்கு முதல் விளையாட்டு. ரக்பி, கிரிக்கெட் எல்லாம் ஆடியிருக்கிறார். ஓட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டது 19 வயது வாக்கில்தான். அப்போது கட்டுமானச் செலவுக் கணக்குப் போடும் குவான்டிட்டி சர்வேயர் வேலையில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து அமெச்சூர் விதிப்படி ஓட்டத்தில் சம்பாதிக்க முடியாது. அவர் ஓடிய மைல்கள் எல்லாம் வேலை நேரம் போக மீதியில் ஓடியவை.

உடல்வாகு நடுத்தூர ஓட்டத்துக்கு வழக்கமானது அல்ல. உயரம் 179 செ.மீ., எடை 80 கிலோவை ஒட்டி. அன்றைய மைல் ஓட்டக்காரர்கள் பலர் அவரைவிடப் பத்து, பதினைந்து கிலோ குறைவு. தடித்த தொடை, அகன்ற மார்பு. தூரத்தில் இருந்து பார்த்தால் ரக்பி ஆட்டக்காரர் என்றுதான் தோன்றும்.

அவரைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டவர் ஆர்தர் லிடியர்ட். ஆக்லாந்தின் ஓவைராக்கா பகுதிக்காரர். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், அதிகாலையில் பால் விநியோகமும் செய்தவர். உடலியல் படித்தவர் அல்ல. தன் உடம்பையே சோதனைக் கூடமாக வைத்து வாரத்துக்கு 50 மைலில் தொடங்கி 250 மைல் வரைகூட ஓடிப் பார்த்து, எந்த அளவில் உடம்பு வளர்கிறது, எந்த அளவில் நொறுங்குகிறது என்று ஆண்டுக்கணக்கில் பார்த்தார். 1953-லும் 1955-லும் நியூசிலாந்து மராத்தான் பட்டத்தையும் வென்றார். அந்தச் சோதனையில் நின்ற எண்தான் வாரம் நூறு மைல், அதாவது 160 கிலோமீட்டர்.

லிடியர்ட் ஸ்னெல்லிடம் கண்டது வேகம். 800 ஓடுகிறவருக்கு வேண்டிய வேகம் இவனிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதைக் கடைசி நூறு மீட்டர் வரை தாங்கிப்பிடிக்கும் ஸ்டாமினாதான் இல்லை என்பது அவர் கணிப்பு. அந்த வேகத்தையும் அளவோடுதான் சொல்ல வேண்டும். ஸ்னெல்லின் 400 மீட்டர் நேரம் 48 வினாடி அளவுதான். அவரோடு ஓடிய ஜமைக்காவின் ஜார்ஜ் கெர் ரோமில் 4×400 ரிலேயில் பதக்கம் வாங்கியவர். கனடாவின் பில் குரோதர்ஸ் 440 கெஜத்தை 46 வினாடி சொச்சத்தில் ஓடக்கூடியவர். தனியாக ஒரு சுற்று ஓடச் சொன்னால் இருவருமே ஸ்னெல்லை விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இரண்டு சுற்று என்றதும் கணக்கு மாறியது.

கணக்கு மாறக் காரணம் உண்டு. 800 மீட்டர் ஓட்டத்தில் செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜனைக் கொண்டு உண்டாவது. 1500-இல் அது ஐந்தில் நான்கு பங்கைத் தாண்டும். மிச்சம்தான் ஆக்சிஜன் இல்லாமல், தசையில் அமிலம் சேரச் சேர எடுக்கிற கடன். ஆக்சிஜனைக் கையாளும் திறன் குறைவாக இருப்பவர் அந்தக் கடனை முதல் சுற்றிலேயே வாங்கத் தொடங்கிவிடுவார். கடைசி 150 மீட்டரில் வட்டி கட்ட வேண்டியிருக்கும். கால் கல்லாகிவிடும், கை மேலே ஏறும், தலை பின்னால் சாயும். ஸ்னெல் அந்த இடத்துக்கு வரும்போது அவர் கடன் மற்றவர்களைவிடக் குறைவு. பார்ப்பவர்களுக்கு அவர் கடைசியில் திடீரென வேகம் எடுத்ததுபோலத் தெரியும். உண்மையில் மற்றவர்கள் தளர்ந்தார்கள், அவர் அவ்வளவாகத் தளரவில்லை.

ரோம் ஒலிம்பிக் இதற்கு நேரடிச் சாட்சி. 1960-இல் 800 மீட்டருக்கு நான்கு சுற்றுகள், அதுவும் மூன்றே நாளில். முதல் நாள் மட்டும் இரண்டு ஓட்டம். ஸ்னெல் அங்கே போகும்போது அவரை யாரும் பதக்கக் கணக்கில் வைத்திருக்கவில்லை, அவருடைய நேரம் 1:49 சொச்சம்தான். பெல்ஜியத்தின் ரோஜர் மூன்ஸ் உலக சாதனையாளர். 1955-இல் ஆஸ்லோவில் 1:45.7 ஓடியவர். அரையிறுதியிலும் இறுதியிலும் ஸ்னெல்லின் நேரம் இறங்கியது, மற்றவர்களின் கால் கனத்தது. செப்டம்பர் 2, இறுதி ஓட்டம். சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டியன் வாக்லி நெடுந்தூரம் முன்னால் இழுத்துச் சென்றார். நேர்கோட்டில் மூன்ஸ் முன்னுக்கு வந்தார், வெளிப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஸ்னெல் உள்பக்கம் கிடைத்த இடைவெளியில் வந்து எல்லைக்கோட்டில் பாய்ந்தார். நேரம் 1:46.3, ஒலிம்பிக் சாதனை. ஜெயித்தது தான்தான் என்பது அவருக்கே உடனே தெரியவில்லை. அதே மாலையில், ஒரு மணி நேரத்துக்குள், அதே லிடியர்டின் மாணவர் மரே ஹால்பர்க் 5000 மீட்டரில் தங்கம் வாங்கினார். ரக்பி காயத்தில் ஒரு கை சூம்பிப்போனவர் அவர். சில நாள் கழித்து மராத்தானில் பாரி மேகீ வெண்கலம். மூன்று தூரங்கள், மூன்று பதக்கங்கள், மூவரும் ஒரே மனிதரின் கீழ் ஒரே மலைப்பாதையில் ஓடியவர்கள்.

அந்த மலைப்பாதை வைட்டாக்கரே குன்றுகளில் வைட்டாருவா வழியாகப் போகும் 22 மைல் சுற்று. ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும் பாதை. ஞாயிற்றுக்கிழமை அதை ஓடி முடித்தால்தான் அந்த வாரம் முடிந்ததாகக் கணக்கு. 800 ஓடுகிறவருக்கும் அதுதான், மராத்தான் ஓடுகிறவருக்கும் அதுதான்.

இப்போது பயிற்சியின் வரிசைக்கு வருகிறேன். முக்கியமான பந்தயம் எந்தத் தேதியோ, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். இதுதான் லிடியர்டின் முதல் விதி.

முதல் கட்டம் அடித்தளம். குறைந்தது பத்து, பன்னிரண்டு வாரம், நேரம் இருந்தால் இன்னும் அதிகம். நாள்தோறும் ஓட்டம், ஆனால் நாள்தோறும் ஒரே தூரமோ ஒரே முயற்சியோ அல்ல. 10 மைல், 15, 12, 18, மறுபடி 10, பிறகு 15, வாரக் கடைசியில் 20 அல்லது 22 என்று ஏறி இறங்கும். கூட்டிப் பார்த்தால் நூறு வரும். லிடியர்ட் முயற்சியை கால், அரை, முக்கால் என்று அளந்தார். நீண்ட ஓட்டங்கள் கால் முயற்சி, நடுத்தரத் தூரங்கள் அரை, வாரத்தில் ஒரு 10 மைல் மட்டும் முக்கால். முழு முயற்சி இந்தக் கட்டத்தில் ஒரு நாளும் கிடையாது. பக்கத்தில் ஓடுகிறவரோடு பேச முடிய வேண்டும். அதே நேரம் இது உலாத்தலும் அல்ல. ஓடி முடித்ததும் இதமான களைப்பு வர வேண்டும், "இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடியிருக்கலாமே" என்று தோன்ற வேண்டும். காலையில் மெதுவாக ஓடும் சின்ன ஓட்டங்கள் நூறு மைல் கணக்கில் சேராது, அவை தனி. இதைத் தெரியாமல் பலர் காலை மாலை இரண்டையும் கூட்டி நூறு என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஸ்னெல்லே ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொரு வாரமும் நூறு மைல் ஓடவில்லை. பத்து வாரம் விடாமல் நூறு மைல் என்ற கணக்கை அவர் முழுமையாக நிறைவேற்றியது டோக்கியோவுக்கு முன்பான தயாரிப்பில்தான். அதற்கு முன் காயமும் வேலையும் குறுக்கிட்ட வாரங்கள் இருந்தன. நூறு மைலை மந்திரம்போல ஓதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாம் கட்டம் மலை, நான்கு வாரம் அளவில். அரை மைல் நீளமுள்ள ஒரு ஏற்றம் வேண்டும். மிகச் செங்குத்தாக இருக்கக் கூடாது. அதில் ஓடி ஏறுவது அல்ல வேலை. துள்ளி ஏறுவது. முன்னங்காலில் ஊன்றி, கணுக்காலை முழுதாக நீட்டி, முழங்காலை உயர்த்தி, மேல்நோக்கி அதிகமும் முன்நோக்கிக் குறைவுமாகத் துள்ள வேண்டும். இடுப்பு உயர்ந்து நிற்க வேண்டும், தோளும் கையும் தளர்ந்து இருக்க வேண்டும். எடை தூக்கும் கூடத்தில் செய்வதை இங்கே தன் உடல் எடையை வைத்து, ஓட்டத்துக்கு வேண்டிய தசைகளுக்கு மட்டும் கொடுக்கிறோம். உச்சியில் மெதுவாக ஓடி மூச்சு வாங்கிக்கொண்டு, இறக்கத்தில் நீண்ட எட்டு வைத்துத் தளர்வாக வேகமாக இறங்க வேண்டும். அடிவாரத்துச் சமதரையில் 50 முதல் 400 மீட்டர் வரை சில வேக ஓட்டங்கள். மறுபடி ஏற்றம். இந்தக் கட்டத்தில் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் வலியெடுப்பது சகஜம். அடித்தளம் இல்லாமல் நேராக இங்கே வருகிறவருக்கு அந்த வலி காயமாக மாறும். முதல் வாரம் பாதி அளவோடு தொடங்க வேண்டும் என்பது அதனால்தான்.

மூன்றாம் கட்டத்தில்தான் டிராக். நான்கு வாரம் அளவில், வாரத்துக்கு மூன்று நாள், ஆக்சிஜன் கடனை வாங்கிப் பழகும் ஓட்டங்கள். 200 மீட்டர் இருபது முறை, 400 மீட்டர் பல முறை என்று இருக்கும். இங்கே லிடியர்ட் சொன்னது பலருக்கு இன்றும் விளங்காத விஷயம்: எத்தனை முறை, எத்தனை வினாடி என்பது அவ்வளவு முக்கியம் இல்லை. ஓட்டத்தின் நடை கலையத் தொடங்கியதும், நேரம் கூடத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். உடம்புக்கு எவ்வளவு போதும் என்பதை உடம்புதான் சொல்லும். தாளில் எழுதியது இருபது என்பதற்காக நடை கெட்டபின் கடைசி ஐந்தை இழுத்துப் பிடித்து ஓடுவதால் கிடைப்பது எதுவும் இல்லை.

நான்காம் கட்டம் கூர்தீட்டல். 50 மீட்டர் முழு வேகம், 50 மீட்டர் தளர்வாக மிதந்து ஓடுவது என்று மாற்றி மாற்றிச் சில சுற்றுகள். வாரத்தில் ஒன்றிரண்டு முறை டைம் ட்ரயல், அதுவும் முழு மூச்சில் அல்ல, சுற்றுகள் சீராக வருகின்றனவா என்று பார்க்க. ட்ரயலில் கடைசிச் சுற்று தளர்ந்தால் ஸ்டாமினா வேலை வேண்டும், சுற்றுகள் சீராக இருந்தும் மொத்த நேரம் மெதுவாக இருந்தால் வேக வேலை வேண்டும். அடுத்த வாரத்துப் பயிற்சியை அந்தக் குறையே தீர்மானிக்கும். கடைசி ஏழு முதல் பத்து நாள் அளவைக் குறைத்து உடம்பைப் புதுசாக்க வேண்டும். முழு வரிசைக்கும் ஆறு மாதம் போகும். உச்சநிலை நிற்பதோ சில வாரம்.

இந்த வரிசை என்ன செய்யும் என்பதை உலகம் 1962-இல் பார்த்தது. 1961 டிசம்பரில் ஸ்னெல் ஒரு முழு மராத்தான் ஓடினார், 2 மணி 41 நிமிடத்தில். ஏழு வாரம் போவதற்குள் 1962 ஜனவரி 27 அன்று வாங்கனுய் ஊரின் குக்ஸ் கார்டன்ஸ் மைதானத்தில் ஒரு மைல் பந்தயம். நியூசிலாந்து மண்ணில் நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடிக் காட்ட வேண்டும் என்பதுதான் அன்றைய எதிர்பார்ப்பு. அதுவரை ஸ்னெல்லே நான்கு நிமிடத்தை உடைத்ததில்லை. தளம் புல். ஒரு சுற்று 440 கெஜம்கூட இல்லை, 385 கெஜம்தான். ஆகவே ஒரு மைலுக்கு நான்கு சுற்றுக்கு மேல், அதிக வளைவுகள். இங்கிலாந்தின் புரூஸ் டுல்லோ துணைக்கு இருந்து இழுத்தார். கடைசிக் கால் மைலை ஸ்னெல் 55 வினாடியை ஒட்டி ஓடி 3:54.4-இல் முடித்தார். ஆஸ்திரேலியாவின் ஹெர்ப் எலியட் 1958-இல் டப்ளினில் வைத்த உலக சாதனை 3:54.5. ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு போயிற்று, அதுவும் புல்லில்.

ஒரே வாரம் கழித்து, பிப்ரவரி 3, கிறைஸ்ட்சர்ச்சின் லங்காஸ்டர் பார்க். இதுவும் புல்தளம்தான். பந்தயம் 880 கெஜம், அதாவது 804.67 மீட்டர். 800 மீட்டர் இடத்தில் தனியாக நேரக்காவலர்களை நிறுத்தி வைத்தார்கள். முதல் 440 கெஜம் 51 வினாடியை ஒட்டி, அடுத்தது 54. 800 மீட்டரில் 1:44.3, மிச்சம் நாலரை மீட்டர் சொச்சத்தையும் ஓடி 880 கெஜத்தில் 1:45.1. இரண்டும் உலக சாதனை. மூன்ஸின் சாதனையில் இருந்து 1.4 வினாடியை ஒரே ஓட்டத்தில் வெட்டினார். 800 மீட்டர் சாதனையில் ஒரேயடியாக அவ்வளவு குறைவது அபூர்வம். அந்த 1:44.3-ஐ 1968-இல் மெக்சிகோவில் செயற்கைத் தளத்தில் ரால்ஃப் டூபெல் சமன் செய்தார், 1972-இல் டேவ் வாட்டல் சமன் செய்தார். 1973-இல்தான் இத்தாலியின் மார்செல்லோ ஃபியாஸ்கொனாரோ 1:43.7 ஓடி அதை உடைத்தார். நியூசிலாந்தின் தேசிய சாதனையாக அது இன்னும் நெடுங்காலம் நின்றது. 62 ஆண்டுகள் கழித்து 2024-இல்தான் ஜேம்ஸ் பிரெஸ்டன் அதை முறியடித்தார்.

என் மதிப்பில் ஸ்னெல்லின் வாழ்க்கையில் மிக உயர்ந்த ஓட்டம் ஒலிம்பிக் தங்கங்கள் எதுவும் அல்ல, லங்காஸ்டர் பார்க்கின் அந்த இரண்டு சுற்றுதான். புல்தளம் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் உள்வாங்கும், கால் ஊன்றிய ஆற்றலைத் திருப்பித் தராது. 80 கிலோ எடைக்கு அந்த இழப்பு இன்னும் அதிகம். இன்றைய செயற்கைத் தளத்தில், இன்றைய காலணியில் அந்த ஓட்டம் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று வினாடிக் கணக்கு சொல்வது ஊகமாகிவிடும். குறைந்திருக்கும் என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

அதே ஆண்டு நவம்பரில் பெர்த் காமன்வெல்த் போட்டியில் 880 கெஜம், ஒரு மைல் இரண்டிலும் தங்கம். நேரத்தை விரட்டாமல் ஜெயிப்பதற்காக ஓடிய ஓட்டங்கள் அவை.

டோக்கியோ 1964. திறப்பு விழாவில் நியூசிலாந்துக் கொடியைச் சுமந்து சென்றவர் ஸ்னெல். இம்முறை 800, 1500 இரண்டும். அக்டோபர் 14, 15, 16 தேதிகளில் 800-இன் மூன்று சுற்றுகள், மறுநாள் 17-இல் 1500 தகுதிச் சுற்று, 19-இல் அரையிறுதி, 21-இல் இறுதி. எட்டு நாளில் ஆறு ஓட்டம். 800 இறுதியில் உள்பக்கம் அடைபட்டுப் போனார். நடுத்தூர ஓட்டத்தில் இது பெரிய ஆபத்து. முன்னால் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் இருந்தால் எவ்வளவு பலம் இருந்தும் வெளியே வர வழி இல்லை. ஸ்னெல் பதறவில்லை. சற்றுப் பின்வாங்கி, வெளியே வந்து, கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு முன்னேறினார். வளைவில் வெளிப்பக்கமாக ஓடினால் கூடுதல் மீட்டர்கள் ஓட வேண்டும். அந்த விலையைக் கொடுத்தும் 1:45.1, ஒலிம்பிக் சாதனை. குரோதர்ஸ் வெள்ளி. வெண்கலம் வில்சன் கிப்ருகுட்டுக்கு, அது கென்யாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம். கெர் நான்காவது.

பின்வாங்கி வெளியே வருவது எல்லாருக்கும் ஆகிற காரியம் இல்லை. பின்வாங்கியபின் மறுபடி வேகமெடுக்க வேண்டும், இரண்டு முறை வேகமெடுப்பதற்கான இருப்பு உடம்பில் இருக்க வேண்டும். அடைபட்டவர்களில் பெரும்பாலோர் தோற்பது அந்த இரண்டாவது முடுக்கத்துக்கு மிச்சம் இல்லாததால்தான்.

1500 இறுதியில் அவருடைய நாட்டுக்காரரும் லிடியர்டின் மாணவருமான ஜான் டேவிஸ் நடுச் சுற்றுகளில் முன்னால் ஓடினார். கடைசி 200 மீட்டர் நெருங்கும்போது ஸ்னெல் மற்றவர்களை விட்டு முன்னால் பாய்ந்தார், அதன்பின் போட்டி இல்லை. கடைசி 400 மீட்டர் 53 வினாடியை ஒட்டி, மொத்தம் 3:38.1. செக்கோஸ்லோவாக்கியாவின் யோசெஃப் ஒட்லோசில், டேவிஸ் இருவருக்கும் ஒரே நேரம், 3:39.6. ஒட்லோசிலுக்கு வெள்ளி, டேவிஸுக்கு வெண்கலம். ஒரே ஒலிம்பிக்கில் ஆண்களில் 800, 1500 இரண்டையும் வென்றது 1920-இல் ஆல்பர்ட் ஹில்லுக்குப் பிறகு ஸ்னெல்தான். அவருக்குப் பிறகு இன்றுவரை ஒருவரும் இல்லை. 1500 தங்கம் நியூசிலாந்துக்கு மூன்று முறை கிடைத்திருக்கிறது: 1936-இல் ஜாக் லவ்லாக், 1964-இல் ஸ்னெல், 1976-இல் ஜான் வாக்கர்.

டோக்கியோ முடிந்த சில வாரத்தில், அந்த உச்சநிலை கரைவதற்குள், ஆக்லாந்தின் வெஸ்டர்ன் ஸ்பிரிங்ஸ் மைதானத்தில் இரண்டு உலக சாதனை. நவம்பர் 12-இல் 1000 மீட்டர் 2:16.6. நவம்பர் 17-இல் ஒரு மைல் 3:54.1. இந்த மைல் ஓட்டம் தவறான வேகப்பங்கீட்டுக்கு நல்ல பாடம். முன்பாதி 1:54 அளவில், தேவைக்கு அதிகமான வேகத்தில் போய்விட்டது. பின்பாதிக்கு இரண்டு முழு நிமிடம். பாதி மைலில் சேமித்ததைவிட அதிகம் மறுபாதியில் செலவாயிற்று. சீராக ஓடியிருந்தால் அன்று இன்னும் வேகமான நேரம் கிடைத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

1965 ஏமாற்றம். டோக்கியோவுக்குப் பின் பாராட்டு விழாக்கள், பயணங்கள். அடித்தளக் கட்டத்துக்கு வேண்டிய மாதங்கள் கிடைக்கவில்லை. பழைய இருப்பை வைத்துக்கொண்டு வெளிநாட்டுப் பந்தயங்களுக்குப் போனார். ஜூனில் சான் டியேகோவில் நடந்த மைல் ஓட்டத்தில் 18 வயது ஜிம் ரயன் 3:55.3 ஓடி அவரை முந்தினார். ஸ்னெல்லின் நேரம் 3:55.4, இரண்டாம் இடம். அதே மாதம் பிரான்ஸின் மிஷேல் ஜாசி மைல் சாதனையை 3:53.6 ஆக்கிவிட்டார். 26 வயதில் ஸ்னெல் ஓய்வு பெற்றார். ஒரே வீரர், அதே வேகம், அதே மனம். அடித்தளம் இல்லாத ஒரு பருவம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஓய்வுக்குப் பின் சில ஆண்டுகள் ஒரு சிகரெட் நிறுவனத்தின் விளையாட்டு ஊக்குவிப்புப் பிரிவில் வேலை பார்த்தார். பிறகு 1970-களில் அமெரிக்கா போய், மாணவர்களுக்கு நடுவே முப்பது வயதுக்கு மேல் உட்கார்ந்து படித்தார். டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பட்டம், வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி உடலியலில் முனைவர் பட்டம். 1981-இல் டல்லாஸில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சவுத்வெஸ்டர்ன் மருத்துவ மையத்தில் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார். வைட்டாருவா மலைப்பாதை தன் உடம்புக்குள் என்ன செய்தது என்ற கேள்வியை இப்போது ஆய்வுக்கூடத்தில் இருந்து கேட்க முடிந்தது.

அவர் முன்வைத்த விளக்கம் இப்படிப் போகும். தசையில் மெதுவாகச் சுருங்கும் இழைகள் உண்டு, வேகமாகச் சுருங்கும் இழைகளும் உண்டு. நிதானமாக ஓடும்போது உடம்பு முதலில் மெதுவான இழைகளைத்தான் வேலைக்கு அழைக்கும். ஓட்டம் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தை நெருங்கும்போது அந்த இழைகளில் உள்ள கிளைகோஜன் என்ற சர்க்கரை இருப்பு தீர்ந்துவிடும். வேகம் கூடவில்லை என்றாலும், வேறு வழியின்றி வேகமான இழைகள் வேலைக்கு வந்தாக வேண்டும். 800 ஓடுகிறவரின் வெற்றி எந்த இழைகளை நம்பி இருக்கிறதோ அந்த இழைகளே ஆக்சிஜனைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கின்றன. ஆகவே 22 மைல் ஓட்டத்தின் கடைசி ஐந்து மைல்தான் ஸ்னெல் போன்ற வேகக்காரருக்குப் பலன் தரும் பகுதி. இரண்டாக உடைத்துக் காலை 11, மாலை 11 என்று ஓடினால் மைல் கணக்கு சரியாக வரும், இந்தப் பலன் வராது.

இனி பிள்ளைகள் விஷயம். பதினைந்து, பதினாறு வயதில் வாரம் நூறு மைல் கூடவே கூடாது. எலும்பு முதிராத வயதில் அவ்வளவு சுமை கால் எலும்பில் மயிரிழை விரிசலைத்தான் கொண்டுவரும். ஸ்னெல் 19 வயதுக்கு மேல்தான் தொடங்கினார், படிப்படியாகத்தான் ஏறினார். தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைக் கணக்கு வையுங்கள். அரை மணி நேரம் பேசிக்கொண்டே ஓட முடிகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு வாரத்தில் ஒரு நாளை மட்டும் 45 நிமிடம், 60 நிமிடம் என்று நீட்டுங்கள். முதிர்ந்த பிறகே ஒன்றரை மணி நேரம். வெயில் ஏறுமுன் ஓடி முடிக்க வேண்டும். மண்பாதை கிடைத்தால் தார்ச்சாலையை விட அது நல்லது. குன்று இல்லாத ஊரில் மேம்பாலத்து ஏற்றமோ ஏரிக்கரைச் சரிவோ போதும், போக்குவரத்து இல்லாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழக்கமாக நேரும் தவறுகள் இரண்டு. அடித்தளக் கட்டத்தில் கூட்டாக ஓடும்போது ஒவ்வொரு நாளும் பந்தயமாகிவிடுவது ஒன்று. கால் முயற்சி முக்கால் முயற்சியாகி, மூன்றாவது வாரத்திலேயே கால் இழுக்கும், தூக்கம் கெடும், காலையில் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட உயர்ந்து நிற்கும். அப்படி நின்றால் இரண்டு நாள் தூரத்தைப் பாதியாக்க வேண்டும். இன்னொன்று பள்ளி, மாவட்டப் போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது பயிற்சியைத் தொடங்கி, நேராக டிராக்கில் 200, 400 என்று அடிப்பது. இரண்டு, மூன்று வாரத்தில் நேரம் கண்ணுக்குத் தெரிய இறங்கும், பிள்ளையும் பெற்றோரும் மகிழ்வார்கள். அதற்குமேல் இறங்காது, மண்டலப் போட்டி வரும்போது ஏறத் தொடங்கும். அந்தப் பிள்ளையிடம் குறையில்லை. அமிலத்தில் மட்டுமே ஊறிய பயிற்சிக்கு அவ்வளவுதான் ஆயுள். அடுத்த பருவத்துக்காவது மூன்று மாதம் முன்னால் நிதான ஓட்டத்தைத் தொடங்குங்கள்.

ஸ்னெல்லுக்கு 2009-இல் சர் பட்டம் வந்தது. அதற்கு முன்பே, 2000-இல், நியூசிலாந்தின் நூற்றாண்டின் சிறந்த விளையாட்டு வீரர் என்று தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். அறுபது வயதைத் தாண்டியும் வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக் காட்டுக்குள் ஓடும் ஓரியன்டீரிங் போட்டியில் இறங்கி, 2003-இல் 65 வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் அமெரிக்கப் பட்டம் வென்றார். 2017-இல் ஆக்லாந்தின் உலக மாஸ்டர்ஸ் விளையாட்டில் டேபிள் டென்னிஸ் ஆடினார். 2019 டிசம்பர் 12 அன்று டல்லாஸில் காலமானார், 81 வயது நிறைய ஐந்து நாள் இருந்தது. பிறந்த ஊரான ஓபுனாக்கியில் அவருக்கு ஒரு சிலை, 385 கெஜப் புல்தளம் இருந்த குக்ஸ் கார்டன்ஸில் இன்னொன்று.